நகரம் கட்டும் விளையாட்டுக்கு டி.எல்.சி. வாங்கும் முன்: காரைக்குடியை வைத்து ஒரு வழிகாட்டி

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் ஆடத் தொடங்கிய கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்ச நாளிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, எந்த டி.எல்.சி. வாங்கலாம்?" விளையாட்டோடு பிறகு காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் விரிவாக்கமோ கட்டடத் தொகுப்போதான் டி.எல்.சி. அந்தக் கேள்விக்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டு 2015 மார்ச்சில் வந்தது. 2023 வரை அதற்கு விரிவாக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. பெரியதும் சிறியதுமாக எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால், பேஸ் கேமின் (டி.எல்.சி. எதுவும் சேராத மூல விளையாட்டின்) விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். படிக்கிற பிள்ளைகளுக்கு அது சின்னப் பணம் இல்லை.

அதனால் எதை வாங்கலாம் என்பதைவிட, எப்படிப் பார்த்து வாங்கலாம் என்பதைச் சொல்கிறேன். நான் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான். இந்த விரிவாக்கம் வந்தால், என் ஊரில் இதுவரை நான் எடுக்காத ஒரு முடிவை எடுக்க வேண்டிவருமா? வரும் என்றால் அது காசுக்குத் தகும். வெறுமனே பத்துக் கட்டடம் கூடும், மற்றதெல்லாம் பழையபடிதான் என்றால், தள்ளுபடி விலையிலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் வேலை: பேஸ் கேமில் ஒரு ஊர்

விரிவாக்கத்தை எடைபோட, அது இல்லாத ஊர் ஒன்று முதலில் வேண்டும். பத்தாயிரம் பேராவது வாழ்கிற, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊராக இருக்கட்டும். தெரிந்த ஊரை மாதிரியாக வைத்தால் குறை சீக்கிரம் கண்ணில் படும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்கள் ஏற்கெனவே கோடு போட்டுக் கட்டியவை. நேர்த் தெருக்கள், அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்கள், மழைத்தண்ணீர் வந்து சேர ஊருணி, கோயிலைச் சுற்றி வீதி. கானாடுகாத்தானையோ ஆத்தங்குடியையோ மனத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால், தெரு அமைப்பு விளையாட்டின் சாலைக் கருவிக்கு அப்படியே ஒத்துவரும்.

ஆனால் வீடு ஒத்துவராது. நம் பக்கத்துப் பெரிய வீடு ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசலை அடுத்த தெருவில் வைக்கிறது. ஸ்கைலைன்ஸில் சாலையோரம் மண்டலம் போட்டால், அதாவது வீட்டுக்கோ கடைக்கோ தொழிலுக்கோ என்று நிலத்தை ஒதுக்கினால், ஆழம் நான்கு கட்டம்தான் கிடைக்கும். ஒரு கட்டம் 8 மீட்டர். ஆக, 32 மீட்டருக்கு மேல் உள்ளே போகாது. தானாக எழும்பும் வீடு தன் முன்னால் இருக்கும் சாலையைப் பார்த்தே நிற்கும். எந்த விரிவாக்கம் வாங்கினாலும் இந்த விதி மாறாது. முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே வீடாக வேண்டும் என்றால், ஆர்வலர்கள் செய்து இலவசமாகப் பகிர்ந்திருக்கிற கட்டடங்களைத் தேடலாம், அல்லது நீங்களே மாதிரி செய்து உள்ளே கொண்டுவரலாம். உங்கள் ஊருக்கு இல்லாதது காசு கொடுத்தால் வரும் பொருள்தானா என்பதை இப்படி ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். ஆசைப்பட்டதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது என்பது அப்போதே தெரியும்.

ஊர் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு தாளில் குறை எழுதுங்கள். "பேருந்து நிலையம் பக்கம் எப்போதும் அடைப்பு", "கல்லூரி வெறும் ஒரு கட்டடமாக நிற்கிறது", "சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், தங்க இடமில்லை" என்பது மாதிரி. பொதுவாக "போர் அடிக்கிறது" என்று எழுதினால் உதவாது. எந்த இடத்தில், எதைச் செய்ய முடியாமல் போனது என்று எழுத வேண்டும். விரிவாக்கத்தின் விவரப் பக்கத்தைப் படிக்கும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

எது இலவசம் என்று பிரியுங்கள்

பெரிய விரிவாக்கம் வரும் அன்று, கூடவே ஓர் இலவச அப்டேட்டும் வருவது வழக்கம். விளம்பரத்தில் இரண்டும் கலந்து ஓடும். 2015 செப்டம்பரில் வந்த ஆஃப்டர் டார்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் விளம்பரம் முழுக்க இரவு நேர நகரம்தான். ஆனால் பகல்-இரவு மாறும் வசதி எல்லோருக்கும் இலவசமாகவே வந்தது. காசு கொடுத்தவர்களுக்குக் கிடைத்தவை டாக்ஸி, மிதிவண்டித் தடம், சிறைச்சாலை, கடற்கரை, கேளிக்கைக் கடைத்தெரு போன்றவை. இரவு விளக்குகளைப் பார்த்து ஆசைப்பட்டு அதை வாங்கியிருந்தால், ஏற்கெனவே கையில் இருப்பதற்குக் காசு கொடுத்த கதைதான்.

அதனால் பேஸ் கேமை முழுக்க அப்டேட் செய்துவிட்டு, ஒரு முறை ஆடிப் பார்த்த பிறகே விவரப் பக்கத்தைத் திறங்கள். அப்டேட் பெரிதாக இருக்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா அதற்கே தீர்ந்துவிடலாம்; அகலக்கற்றை இருக்கிற நண்பர் வீட்டில் இறக்கிக்கொள்வது நல்லது.

கட்டடம் கூடுகிறதா, முடிவு கூடுகிறதா

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2018-ல் வந்த இண்டஸ்ட்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கேமில் தொழில் என்றால் மஞ்சள் மண்டலம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்த விரிவாக்கத்தில் விவசாயம், காடு, கனிமம், எண்ணெய் என்று நான்கு தொழில்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கலாம். வயலில் விளைந்தது முதலில் பதப்படுத்தும் ஆலைக்குப் போக வேண்டும், அங்கிருந்து சிறப்புத் தொழிற்சாலைக்கு. நடுவில் கிடங்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு கிடங்குக்கும் நிரப்பு, காலி செய், சமமாக வை என்று மூன்று நிலைகள். கிடங்கைத் தப்பான இடத்தில் வைத்தால், ஊருக்குள்ளேயே இருக்கிற சரக்கை விட்டுவிட்டு வெளியூரிலிருந்து லாரி வரும். இறக்குமதிச் செலவு கணக்கில் ஏறும். எங்கே கிடங்கு, எந்தச் சாலையில் லாரி, மூலப்பொருளாக விற்பதா, பண்டமாக்கி விற்பதா என்று வரிசையாக முடிவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தொழில் பகுதியின் பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்பைக்கூட நீங்கள் மாற்றி யோசிப்பீர்கள். ஒரு விரிவாக்கம் ஊரின் பழைய பகுதியையும் திரும்பிப் பார்க்க வைத்தால், அது உள்ளே வரை போய்விட்டது என்று அர்த்தம்.

2003-ல் சிம்சிட்டி 4-க்கு வந்த ரஷ் அவரும் இந்த வகைதான். ஒருவழிச் சாலை, அகல வீதி, மோனோரயில், படகு என்று போக்குவரத்தையே விரித்துக் கொடுத்தது. அதைவிட உபயோகமானது, ஒரு சாலையைத் தொட்டால் அதில் போகிறவர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று காட்டிய கருவி. அடைப்பைப் பார்ப்பது ஒன்று. யாரால் அடைப்பு என்று தெரிந்து சாலை போடுவது வேறு. பெயர்ப் பட்டியலில் அந்தக் கருவி ஒரு வரிதான் இருந்திருக்கும். அதனால்தான் விவரப் பக்கத்தில் புதுக் கட்டடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். தகவல் காட்டும் வசதி, கொள்கை, வழித்தட வசதி ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-க்கு 2024 மார்ச்சில் வந்த பீச் பிராப்பர்ட்டீஸ். கடற்கரை வீடுகளும் மரங்களும் கொண்ட கட்டடத் தொகுப்பு அது. பேஸ் கேமிலேயே சரிசெய்ய வேண்டியது நிறையக் கிடக்கும்போது இதற்குக் காசா என்று ஆட்டக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதை எல்லோருக்கும் இலவசமாக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. கட்டடத் தொகுப்பும் விரிவாக்கமும் கடைப் பக்கத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கும், பெயரை வைத்துப் பிரித்தறிய முடியாது. அப்புறம், பேஸ் கேம் இன்னும் தள்ளாடுகிறது என்றால் எந்த டி.எல்.சி.யையும் வெளிவந்த வாரத்திலேயே வாங்க வேண்டியதில்லை.

சரி, காரைக்குடிக்கு வருவோம். இங்கே முதல் ஸ்கைலைன்ஸுக்கு 2019-ல் வந்த கேம்பஸ் விரிவாக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. காரைக்குடியின் வரைபடத்தையே மாற்றியது கல்விதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் தொடங்கிய கல்லூரிகளைச் சுற்றி வளர்ந்த வளாகம் 1985-ல் பல்கலைக்கழகமானது. ஊரின் ஒரு பக்கம் முழுக்கக் கல்லூரிச் சாலைகள், விடுதிகள், பேருந்துகள் என்று ஆனது. பேஸ் கேமில் பல்கலைக்கழகம் என்பது வைத்துவிட்டு மறந்துவிடும் ஒரே கட்டடம். கேம்பஸில் அதற்குத் தனி நிலம் ஒதுக்கி, நிர்வாகக் கட்டடத்தில் தொடங்கி, விடுதி, நூலகம், துறைகள் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கல்வியாண்டு முடியும்போது மாணவர் எண்ணிக்கை, ஆய்வுப் படைப்புகள் எல்லாம் பார்த்து வளாகத்தின் மதிப்பு ஏறும். நிலத்தை ஆரம்பத்திலேயே தாராளமாக ஒதுக்குவதா, பிறகு வீடுகளை இடித்து விரிப்பதா என்ற முடிவு உங்கள் தலையில் விழும். கல்வி ஊரைக் கட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல விரிவாக்கம் அந்த வரிசையில் இல்லை என்பது என் கருத்து. விளையாட்டு அணி, பயிற்சியாளர் என்று கூடவே வரும் பகுதி எனக்குச் சுமார்தான். இரண்டு பருவம் போனால் கவனம் அதில் நிற்பதில்லை.

உங்கள் வரைபடத்தில் அது முளைக்குமா

நல்ல விரிவாக்கமாகவே இருக்கலாம், உங்கள் ஊரில் வேலை செய்யாமலும் போகலாம். 2016-ல் வந்த ஸ்னோஃபாலில் பனி, குளிர்காலச் சூடேற்றும் குழாய், பனி அகற்றும் வண்டி எல்லாம் உண்டு. ஆனால் பனி அதற்கென்று இருக்கிற குளிர் வரைபடங்களில்தான் விழும். நீங்கள் ஏற்கெனவே கட்டிவைத்த ஊரில் ஒரு துளி பனியும் கொட்டாது. புதிதாகத் தொடங்க வேண்டும். அதே தொகுப்பில் வந்த டிராம் மட்டும் எந்த வரைபடத்திலும் ஓடும். உங்களுக்கு வேண்டியது டிராம்தான் என்றால், முழுத் தொகுப்பின் விலையையும் அந்த ஒரு டிராமின் விலையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அப்போதும் சரி என்று பட்டால் வாங்கலாம்.

2017-ன் மாஸ் டிரான்சிட்டில் படகு, மோனோரயில், கேபிள் கார், வான்கப்பல் வந்தன. ஆறும் கடலும் இல்லாத செட்டிநாட்டு மாதிரி ஊரில் படகு வீண். மலை இல்லாததால் கேபிள் காருக்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் பேருந்தும் மோனோரயிலும் ஒரே இடத்தில் மாறிக்கொள்ளும் கூட்டு நிலையங்கள் அதில் இருக்கின்றன. தாளில் "பேருந்து நிலைய அடைப்பு" என்று எழுதியவருக்கு அது ஒன்றே போதும். 2020-ன் சன்செட் ஹார்பர் மீன்பிடித் தொழிலை நம்பி நிற்பது. தொண்டி, ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊர் கட்டுபவர்கள் பார்க்கட்டும்.

வேறு விளையாட்டுகளில் இந்தப் படி இன்னும் முக்கியம். அனோ 1800-ல் ஆர்க்டிக், என்பேசா போன்ற பகுதிகள் விரிவாக்கங்கள் வழியே தனி உலகங்களாகவே வருகின்றன. பழைய ஊர் நன்றாக வளர்ந்த பிறகுதான் அங்கே கப்பல் போகும். முதல் தீவிலேயே தடுமாறுகிற நிலையில் வாங்கினால், அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கவே பல வாரம் ஆகும். அதுவரை காத்திருந்தால் விலையும் இறங்கியிருக்கும்.

கணினி தாங்குமா

விவரப் பக்கத்தில் போட்டிருக்கிற குறைந்தபட்சத் தேவை புது ஊருக்குத்தான் பொருந்தும். வளர்ந்த ஊரில் கதையே வேறு. ஸ்கைலைன்ஸில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வண்டிகளுக்கு 16,384 என்று உச்சவரம்பு இருக்கிறது. கார், லாரி, குப்பை வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். இண்டஸ்ட்ரீஸ் கொண்டுவரும் சரக்கு லாரிகளும் தபால் வண்டிகளும் அதே கணக்கில் சேரும். ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிற பெரிய ஊரில் அதைச் சேர்த்தால், குப்பை அள்ள வண்டி கிளம்பாமல் நிற்பதைப் பார்க்கலாம். பெரிய ஊர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஐயாயிரம் பேர் ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

மோட் (விளையாட்டை மாற்ற ஆர்வலர்கள் செய்து பகிரும் நிரல்) போட்டிருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரிவாக்கத்தோடு வரும் அப்டேட், மோட்களை உடைப்பது சகஜம். நீங்கள் அந்த டி.எல்.சி.யை வாங்காவிட்டாலும் அப்டேட் இறங்கிவிடும். அதனால் வெளிவரும் வாரத்தில் முக்கியமான ஊரைத் திறக்காதீர்கள். சேவ் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைத்துவிட்டு, மோட் செய்தவர் புதுப்பிக்கும்வரை பொறுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் பெரிய அப்டேட்டை ஆரம்பிக்கவும் வேண்டாம். முதல் நாளே நாளிதழில் போட்டுவிடுவார்கள்.

எந்தக் கடையில் வாங்கினீர்கள்

சின்ன விஷயம், ஆனால் காசு போகிற விஷயம். 2020 டிசம்பரில் எபிக் என்ற இணையக் கடை ஸ்கைலைன்ஸை இலவசமாகக் கொடுத்தது. பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில் தள்ளுபடி பார்த்து அங்கே டி.எல்.சி. வாங்கினால் எபிக்கில் இருக்கும் விளையாட்டுக்கு அது சேராது. ஆர்வலர்கள் தாங்கள் செய்ததைப் பகிரும் இடமான ஸ்டீமின் ஒர்க்‌ஷாப்பும் எபிக் பதிப்புக்கு இல்லை. டி.எல்.சி. வாங்கும் முன், உங்கள் பேஸ் கேம் எந்தக் கடையிலிருந்து திறக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு: இரண்டு மணி நேரச் சோதனை

ஸ்டீமில் டி.எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு பேஸ் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் ஆடியிருக்க வேண்டும். இந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டம் போட்டுச் செலவழித்தால், விரிவாக்கம் தகுமா என்பது அதற்குள்ளேயே தெரிந்துவிடும். விளையாட்டைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அந்த நேரமும் சேரும்.

வாங்குவதற்கு முன்பே, பழைய ஊரைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போக்குவரத்துப் பார்வையில் காட்டும் ஓட்டத்தின் சதவீதம், கீழே தெரியும் வாராந்திர வருமானம். ஊரைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது திரை எங்கே திணறுகிறது என்பதையும் எழுதுங்கள். வாங்கியதும், நகலெடுத்த சேவ் கோப்பைத் திறந்து பத்து நிமிடம் எதுவும் கட்டாமல் ஓடவிடுங்கள். இதில் அதே எண்கள் வந்தால், விரிவாக்கம் சும்மா இருக்கும்போது ஊரைக் கெடுக்கவில்லை என்று பொருள்.

அடுத்து, தாளில் முதலில் எழுதிய குறை எதுவோ அதை மட்டும் எடுங்கள். அதற்கான கருவியை மட்டும் வைத்து அரை மணி நேரம் ஆடுங்கள். கண்ணில் படுகிற எல்லாவற்றையும் தொட்டால் எதையும் எடைபோட முடியாது. பேருந்து நிலைய அடைப்புக்காகக் கூட்டு நிலையம் வைத்தீர்கள் என்றால், அந்த ஒரு நாற்சந்தியைப் பாருங்கள். ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். ஓட்டம் ஏறியதா, அடைப்பு அடுத்த தெருவுக்குத் தள்ளிப் போயிற்றா, அதைச் சரிசெய்ய இன்னொரு முடிவு எடுக்கத் தோன்றியதா என்று கவனியுங்கள். தோன்றியது என்றால் வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகமாக இருந்தால் ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகளுக்குள் இருக்கும் டி.எல்.சி. பட்டியலில் அதன் குறியை எடுத்துவிடுங்கள். அதைக் கழற்றியபடி விளையாட்டு திறக்கும். புதிய கட்டடம் எதுவும் வைக்காத சேவ் கோப்பை அந்த நிலையில் இன்னொரு பதினைந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். எதையும் இழந்த மாதிரி தெரியவில்லை என்றால், இரண்டு மணி நேரம் முடிவதற்குள் ஸ்டீமின் உதவிப் பக்கத்தைத் திறந்து, வாங்கிய பட்டியலில் அந்த டி.எல்.சி.யைத் தேர்ந்தெடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.